பொக்காளி வயலுக்குப் பின்னால் ஒரு மீன்தொட்டி

ஏழிக்கரையின் வயல்கள் ஜூன் மாதத்தில் வயலாகவே தெரிவதில்லை. முழங்காலளவு சேற்றில் மண்ணை வெட்டிக் கூட்டி, வரிசை வரிசையாகச் சிறு கும்பல்களாக நிறுத்தியிருக்கிறார்கள். ஏப்ரல் வரை உப்பங்கழித் தண்ணீர் நின்று இறால் வளர்ந்த இடம். இனி இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) விழுந்து அந்தக் கும்பல்களிலிருந்து உப்பைக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் முளைகட்டிய பொக்காளி நெல்லை அவற்றின் உச்சியில் தூவுவார்கள். நாற்று கொஞ்சம் எழுந்ததும் கும்பலை வெட்டி, வேரும் மண்ணுமாகச் சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். மழைக்காலம் ஓய்ந்து நெல் முற்றியதும் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பரில் மதகைத் திறந்தால் ஏற்றத்தோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். மட்கும் தாளை அண்டி அவற்றின் இரை வளரும். அவை விட்டுப்போகும் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். மூட்டை உரமோ பூச்சிமருந்தோ இந்த வயலுக்குள் இறங்குவதில்லை.

எர்ணாகுளம் மாவட்டத்தின் இந்த மூலைக்கு நான் வந்த காரியம் வேறு. கோயம்புத்தூருக்கு வெளியே எங்கள் வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் போட வேண்டும் என்று ஓர் ஆசை. மீன் இருக்கும் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்கு ஏற்றி, அங்கிருந்து மறுபடியும் தொட்டிக்கே இறக்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. தண்ணீரை எப்படிச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது, அதற்கு நேர் எதிரானது உண்டு. கேரளத்தில் தார்ப்பாய் விரித்த படுதாக்குளமும் மீன்தொட்டியும் இல்லாத ஊரைத் தேட வேண்டியிருக்கும் என்றார்கள். நம் வெயிலிலும் நம்மைவிடப் பலமடங்கு மழையிலும் செய்து பார்த்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் வந்து, ஆலுவாவில் இறங்கி, வடக்கன் பரவூர் பஸ் பிடித்தேன்.

வழியில் மோதிக்கொண்டே வந்த ஒரு எண்ணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொக்காளியில் நெல்லும் இறாலும் ஒரே தண்ணீரை ஆண்டில் பாதி பாதியாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அக்வாபோனிக்ஸில் மீனும் செடியும் ஒரே நேரத்தில் பங்கு போடுகின்றன. அப்படிச் சேர்த்து வைப்பதற்கு நடுவில் ஒரு மோட்டார் வேண்டும். பொக்காளிக்கு மோட்டார் கடல் ஏற்றமும் இறக்கமும். அதற்குக் கரண்ட் போவதில்லை.

நான் பார்க்க வந்த வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறைகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் பேசும் தமிழில் கொங்கு அப்படியே இருந்தது. "வாங்க வாங்க, மழைக்கு முன்ன வந்துட்டீங்க. சாயா குடிச்சுட்டுப் பார்க்கலாமுங்க" என்றார். நான் அவரைச் சேட்டன் என்று கூப்பிட, அவர் என்னைத் தம்பி என்றார். அவர் மனைவி, சேச்சி, தமிழ் புரிந்துகொள்வார், மலையாளத்தில்தான் பதில் சொல்வார். தொட்டி சேட்டன் பொறுப்பு, பாத்தி சேச்சி பொறுப்பு என்று பாகம் பிரித்திருந்தார்கள். எல்லையில் சண்டை உண்டு என்பது அரை மணி நேரத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால், தென்னைக்கும் பலாவுக்கும் நடுவில், இரண்டு மீட்டர் அகலத்தில் வட்டத் தொட்டி. ஆழம் ஒரு மீட்டர். மூவாயிரம் லிட்டர் பிடிக்கும். சதுரத் தொட்டியின் மூலையில் கழிவு தங்கும். வட்டத்தில் தண்ணீரைச் சாய்வாக விட்டால் சுழன்று கழிவு நடுவில் சேரும், நடுக்குழாய் அதை வெளியே இழுக்கும். வெளியே இரண்டு நீல டிரம். முதல் டிரம்மில் தண்ணீர் மெதுவாகச் சுற்றிக் கழிவு அடியில் படிகிறது. வாரம் இரண்டு தரம் அடிவால்வைத் திறந்து வாழைக்கு விடுகிறார். இரண்டாவதில் பழைய மீன்வலையைச் சுருட்டித் திணித்திருக்கிறார். அதைத் தாண்டிய தண்ணீர் தரையடித் தொட்டிக்கு விழ, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரே மோட்டார் மணிக்கு மூவாயிரம் லிட்டர் வீதம் அதைப் பாத்திகளுக்கும் தொட்டிக்கும் பிரித்து அனுப்புகிறது. பாத்தியில் நிறைந்தது தானாகத் தரையடித் தொட்டிக்கு இறங்கிவிடும். இரண்டு மோட்டார் வைத்தால் என்றைக்காவது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், எங்காவது வழியும் என்றார். பம்ப் பட்டறைக்காரர் மோட்டாரை நம்பாமல் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

பாத்திகள் மூன்று. ஒவ்வொன்றும் எட்டடிக்கு நாலடி, ஓரடி ஆழம், உள்ளே முக்கால் இஞ்ச் ஜல்லி. ஒரு பாத்தியின் ஜல்லி மட்டும் ஒன்றேகால் டன்னுக்கு மேல் வரும்; தண்ணீர் தனி. அடியில் ஹாலோ பிளாக்கை நெருக்கமாக அடுக்கியிருந்தார். மொட்டை மாடியில் இதைப் போடலாமா என்று கேட்பவர்களை அவர் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லையாம். ஜல்லி வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வினிகரில் போட்டுப் பார்த்தாராம். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், நுரைக்காவிட்டால் கருங்கல். சுண்ணாம்புக் கல் மாதக்கணக்கில் கரைந்து தண்ணீரின் பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும், அப்புறம் இறக்க வழியில்லை.

ஜல்லி செடியைத் தாங்குவதற்கு என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நிஜத்தில் அது பாக்டீரியாவின் குடியிருப்பு. மீன் செவுள் வழியாக விடும் அமோனியா மீனுக்கே விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். செடிக்கு வேண்டியது அது. இந்த இரண்டு கூட்டமும் வந்து குடியேற நம் சூட்டில் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீனை நிறைத்துவிடக் கூடாது. கொல்லையில் அக்வாபோனிக்ஸ் தொடங்கி முதல் மாதமே மூடியவர்கள் பெரும்பாலும் இந்த ஆறு வாரத்தைப் பொறுக்காதவர்கள்.

அமோனியாவில் வெப்பநாட்டுக்காரருக்கு இன்னொரு சிக்கல். அளக்கும் அமோனியா முழுவதும் விஷமில்லை. அதில் ஒரு பங்குதான் மீனைக் கொல்லும். தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது, பிஎச் 7 என்றால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. பிஎச் 8 என்றால் நூற்றில் ஏழெட்டு. அதே பிஎச் 8-ல் தண்ணீர் 20 டிகிரியாக இருந்தால் இதில் பாதிதான். சூடும் காரமும் சேர்ந்தால் ஆபத்து என்று இதற்குப் பொருள். ஏழிக்கரையில் சூடு உண்டு, காரம் இல்லை. எங்கள் ஊரில் இரண்டும் உண்டு. என் கையிலிருந்த நோட்டில் முதல் அடிக்கோடு அங்கே விழுந்தது.

இங்கே கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறும் என்பதால் கூரையில் விழும் மழையைத்தான் சேமித்து நிரப்புகிறார்கள். மழைநீரில் தாங்கும் சத்து எதுவும் இல்லை. பாக்டீரியா அமோனியாவை மாற்ற மாற்ற அமிலம் கூடிக்கொண்டே போகும், பிஎச் ஆறுக்குக் கீழே சரிந்தால் பாக்டீரியாவே வேலையை நிறுத்திவிடும். சேட்டன் வேம்பநாட்டுக் காயலின் கக்காச் சுண்ணாம்பைத் துணியில் முடிந்து தரையடித் தொட்டியில் தொங்கவிட்டிருந்தார். அளவு எப்படி என்றேன். "பிஎச் பேப்பர் பார்ப்பேன், ஏறலைன்னா முடிச்சைக் கொஞ்சம் பெருசாக்குவேனுங்க."

உலகத்தின் இன்னொரு ஓரத்தில், கரீபியனின் செயிண்ட் குரோய் தீவில், இதே வேலையைக் கணக்கோடு செய்தவர் ஜேம்ஸ் ரகோசி. அங்கேயும் வெயில், அங்கேயும் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம். வீட்டுக்கு அடியில் மழைநீர்த் தொட்டி கட்டும் ஊர் அது. வர்ஜின் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் முப்பது வருடம் இருந்து, திலாப்பியாவையும் கீரையையும் சேர்த்து வளர்க்கும் முறையை அவர் உருவாக்கினார். தண்ணீர் 110 கன மீட்டர், மிதவைப் பாத்தி 214 சதுர மீட்டர். பிஎச் இறங்கும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு தரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு தரம் என்று மாற்றி மாற்றிப் போட்டார். பிஎச் ஏறுவதோடு செடிக்கு இரண்டு சத்தும் கிடைத்துவிடும். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் ஒன்று உண்டு. எத்தனை மீன், எத்தனை செடி என்று கேட்காதே, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் என்று கேள் என்றார். ஒரு சதுர மீட்டர் மிதவைப் பாத்திக்கு நாளுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம் அவர் கணக்கு. ஜல்லிப் பாத்தியில் கழிவும் அங்கேயே மட்குவதால் 40, 50 கிராமே கீரைக்குப் போதும்.

சேட்டன் தொட்டியில் நூறு மீன். வளர்ந்த மீன் ஒன்று 400 கிராம் என்றால் மொத்தம் 40 கிலோ. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு தீவனம் என்றால் நாளுக்கு 400 கிராம். கிட்டத்தட்ட ஒன்பது சதுர மீட்டர் பாத்திக்குச் சரியாக இருக்கிறது. அதே அளவுத் தொட்டியில் முந்நூறு விட்டவர்களை அவருக்குத் தெரியும். ஏன் நூறோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது அவர் வானத்தைக் காட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளுக்கு மேல் யூவி ஷீட் கூரை. கூரை இல்லாத பாத்தியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் பத்து சதுர மீட்டருக்கு ஆயிரம் லிட்டர் இறங்கும். இங்கே ஒரே நாளில் அவ்வளவு பெய்வது அதிசயமில்லை. தரையடித் தொட்டி வழிந்து, சத்தெல்லாம் ஓடையில் போகும். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ தென்னமட்டை கம்பியில் விழுந்திருக்க வேண்டும். கரண்ட் போனது. பாத்தியிலிருந்து விழும் தண்ணீரின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சேட்டன் எழுந்திருக்கவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு சின்ன கிர் சத்தம் கேட்டது. பழைய ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப். கரண்ட் போனால் ரிலே தானாகப் போட்டுவிடுகிறது. பெரிய மோட்டாருக்கு பேக்கப் வைக்கவில்லை. தண்ணீர் சுற்றாவிட்டால் செடி ஒரு நாள் தாங்கும். மீன் தாங்காது.

எவ்வளவு நேரம் தாங்கும்? திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும். 30 டிகிரித் தண்ணீர் ஏழரைதான். நடைமுறையில் தொட்டியில் ஆறு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மூவாயிரம் லிட்டரில் 18 கிராம். இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் வாயை மேலே வைத்துத் திணறத் தொடங்கும். ஆக, செலவழிக்கக் கையிருப்பு 12 கிராம். இந்தச் சூட்டில் ஒரு கிலோ மீன் மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் இழுக்கும், 40 கிலோ மீன் 12 கிராம். ஒரு மணி நேரம். முந்நூறு மீன் என்றால் இருபது நிமிடம். பட்டறையில் இருபது வருடம் இருந்தவருக்கு இந்தக் கணக்கு தொட்டி கட்டுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. "ராத்திரி கரண்ட் போயி, நான் எந்திரிச்சு, டார்ச் தேடி, பேட்டரி வேலை செய்யலைன்னு கண்டுபிடிச்சு, வாளில மோந்து மோந்து ஊத்த ஆரம்பிக்க ஒரு மணி நேரம் வேணுமுங்க. அதான் நூறு."

என்னுடைய பயணத்துக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். தொட்டியின் கொள்ளளவிலிருந்து மீனைக் கணக்கிடுகிறார்கள் எல்லாரும். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 2014-ல் வெளியிட்ட சிறு அக்வாபோனிக்ஸ் கையேடு, ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோவைத் தாண்டாதே என்கிறது. நல்ல எல்லைதான். ஆனால் நம் ஊரில் எல்லையை விதிப்பது தண்ணீரின் சூடும் மின்கம்பியும். கரண்ட் போனால் என்னால் எத்தனை நிமிடத்தில் எழுந்து வர முடியும் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போய், கடைசியில்தான் தொட்டியின் அளவுக்கு வர வேண்டும்.

மழை விட்டதும் சேச்சி பாத்தியைக் காட்டினார். சிவப்புச் சீரை (நம் சிவப்புத் தண்டுக்கீரை), கொடிப்பயறு, வெண்டை, கத்தரி, பச்சை மிளகாய், ஓரத்தில் வள்ளல்கீரை. படங்களில் எல்லாரும் வளர்க்கும் லெட்யூஸ் இல்லை. வேர் நிற்கும் தண்ணீரே 28, 30 டிகிரி என்றால் அது கசந்து, தண்டு நீட்டிப் பூத்துவிடும். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து விதை வாங்குவது நம்மவர்களின் வியாதி. வள்ளல்கீரை அதே தண்ணீரில் வெட்ட வெட்டத் தழைக்கிறது. வெண்டையின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்துக் குறை. மீன் தீவனத்தில் செடிக்குப் போதிய இரும்பு இல்லை. ரகோசியும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் இரும்புச் செலேட் சேர்த்தவர்தான். எல்லாம் மீனே கொடுத்துவிடும் என்று பேசுபவர்கள் செடியைக் கிட்டத்தில் பார்ப்பதில்லை.

வெண்டையின் அடியில் அசுவினியும் இருந்தது. சேட்டனுக்கும் சேச்சிக்கும் எல்லைச் சண்டை இங்கேதான். வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும் என்று சேச்சி. தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு ஆகாது என்று சேட்டன். மருந்து வென்றால் மீன் போகும். மீன் வென்றால் வெண்டை போகும். கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மிஞ்சியதை விரலால் நசுக்குவது என்று ஒப்பந்தம். விரல் சேச்சியுடையது.

மத்தியானம் சிவந்த பொக்காளிச் சோறும் தொட்டி மீன் வறுவலும். மீன், கிஃப்ட் திலாப்பியா. பிலிப்பைன்ஸில் 1988-ல் தொடங்கிய இனமேம்பாட்டில் பிறந்த இதை இந்தியாவில் உரிமம் வாங்கித்தான் வளர்க்க வேண்டும். இதன் பழைய உறவினரான மொசாம்பிக் திலாப்பியாவை, நாம் ஜிலேபி என்று சொல்வதை, 1952-ல் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத குளமோ ஏரியோ நம்மிடம் அபூர்வம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு பரவூர்ப் பக்கமெல்லாம் ஏறியபோது வீட்டுத் தொட்டிகள் முழுகி மீன்கள் ஆற்றோடு போயின. அந்த வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆற்றில் அமேசானின் அரபைமா அகப்பட்டது. கொல்லைத் தொட்டியின் சுவர் உயரம் ஊருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். சேட்டன் இப்போது தொட்டியின் மேல் இரட்டை வலை கட்டியிருக்கிறார். மீன்கொத்திக்கும் நீர்க்காகத்துக்கும் சேர்த்து.

திரும்பும் ரயிலில் என் கொல்லைக்கான திட்டம் பாதிக்கு மேல் மாறியது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினம், பிஎச் எட்டைத் தொடும். எனவே சுண்ணாம்பு முடிச்சு எனக்கு வேண்டாம். கூரை மழைநீரைக் கலந்துதான் தொடங்க வேண்டும், இரும்பும் காரத்தைத் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். மழை குறைவு, வெயில் அதிகம். யூவி ஷீட்டுக்குப் பதில் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை. தொட்டி வெள்ளை ஐபிசியாக (ரசாயனம் ஏற்றிவரும் பிளாஸ்டிக் தொட்டி) இருந்தால் வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும், கறுப்படித்து மேலே சாக்கு போர்த்த வேண்டும். அதற்கு முன் அதில் எந்த ரசாயனம் இருந்தது என்று விசாரிக்க வேண்டும். ஆயிரம் லிட்டர், நாலு சதுர மீட்டர் பாத்தி, நாளுக்கு 200 கிராமுக்கு மேல் போகாத தீவனம். கையேடு 20 கிலோ மீன் என்கிறது. சேட்டனின் ஒரு மணி நேரக் கணக்கு 13 கிலோ என்கிறது. 13 என்று எழுதிக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது எந்த மீன் என்பது. ஜிலேபி வீட்டில் யாருக்கும் பிடிக்காது. விரால் விடலாமா என்று பஸ் ஏறும் முன் கேட்டிருந்தேன். விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் பிழைக்கும். "நல்ல யோசனைதானுங்க தம்பி. கரண்ட் போனாலும் விரால் நிக்கும். ஜல்லியில இருக்கிற பாக்டீரியா நிக்காது, அதுக்கும் காத்து வேணும். அப்புறம் விரால் ஒண்ணையொண்ணு தின்னுரும். அடிக்கடி பெருசு சிறுசு பிரிச்சுக் கட்டணும். முடியுமா?" என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.